உறையும் கம்ப்யூட்டர்: ஃபார்மட் அடிக்கும் முன் பில்லைத் தேடுங்கள்

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடும் வேலை கிராஃப் தாளிலிருந்து கம்ப்யூட்டர் திரைக்குப் பெருமளவு நகர்ந்துவிட்டது. கரையில் ஒரு யாளி, முந்தியில் ஓர் அன்னம், உடலெங்கும் புட்டா என எல்லாமே கட்டம் கட்டமாகத் திரையில் நிரப்பப்படுகின்றன. ஒரு கட்டம் பிசகினால் ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை பிசகும். தறியில் ஓர் இழை பிசகும். இத்தனை கவனத்துடன் பாதி முந்தியை முடித்திருக்கும் வேளையில் திரை அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் நகரவில்லை. மூலையில் இருக்கும் கடிகாரம் நின்ற நிமிடத்திலேயே நிற்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சேமிக்காத வேலை அத்தனையும் போயிற்று.

இந்த வேலைக்குப் பலரும் அசெம்பிள் செய்த சிஸ்டத்தையே வாங்குகிறார்கள். சென்னை ரிட்சி தெருவில் மதர்போர்டு ஒரு கடையில், ரேம் இன்னொரு கடையில், எஸ்எம்பிஎஸ் எது மலிவோ அது என்று சேர்த்துக் கட்டினால் பிராண்டட் கம்ப்யூட்டரைவிடச் செலவு குறையலாம். சிக்கல் வரும்போதுதான் இதன் மறுபக்கம் தெரிகிறது. ரேம் விற்றவர் போர்டைக் காட்டுவார். போர்டு விற்றவர் கரண்டைக் காட்டுவார். கடைசியில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “வைரஸா இருக்கும், ஃபார்மட் அடிச்சிடலாம்.”

அந்த யோசனையை முதலில் ஏற்கவே கூடாது. ஃபார்மட் செய்தால் டிசைன் கோப்புகளோடு, சிஸ்டம் எப்போது, எதனால் நின்றது என்று விண்டோஸ் குறித்து வைத்த பதிவுகளும் அழியும். அந்தப் பதிவுகள்தான் வாங்கியவர் கையிலிருக்கும் சாட்சி.

பழுது வன்பொருளிலேயே, அதுவும் தயாரிப்பாளர் பக்கமே இருந்த கதைகள் உண்டு. 2012 ஜனவரியில் குரூஷியல் நிறுவனம் தன் எம்4 எஸ்எஸ்டிக்குப் புதிய ஃபர்ம்வேர் வெளியிட்டது. அந்த எஸ்எஸ்டி 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் கம்ப்யூட்டர் நின்றுபோகும். மறுபடி இயக்கினால் ஒரு மணி நேரத்தில் மீண்டும் நிற்கும். அதைச் சரிசெய்யத்தான் அந்த ஃபர்ம்வேர். இன்னும் பெரிய கதை இன்டெலுடையது. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள் காரணம் புரியாமல் முடங்குவதாகப் புகார்கள் குவிந்தன. புராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்குவதே காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஐ7, ஐ9 வகைகளும் ஐ5இல் சில மாடல்களும் பாதிப்புப் பட்டியலில் இருந்தன. மதர்போர்டின் பயாஸ் வழியாகத் திருத்தம் வந்தது. ஆனால் ஏற்கெனவே கெட்டுவிட்ட புராசஸரை அந்தத் திருத்தம் மீட்காது. அதனால் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு 3 ஆண்டு வாரண்டியை 5 ஆண்டாக நீட்டித்தார்கள். இந்தத் தலைமுறைப் புராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட்டையும் வாரண்டி தேதியையும் இன்றே பார்த்துவிடுவது நல்லது. பெட்டியில் வராமல் தனியாக விற்கப்படும் ‘டிரே’ புராசஸர் என்றால், வாரண்டிக்கு விற்ற கடையிடம்தான் போக வேண்டியிருக்கும்.

சோதனையை யாரும் வீட்டிலேயே தொடங்கலாம். திரை நின்றவுடன் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே சிஸ்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ‘பி’யை (B) அழுத்தினால் திரை ஒருமுறை மின்னும், அதோடு வேலை தொடர்ந்தால் சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவர் மேல். மவுஸ் மட்டும் நகர்ந்து எதுவும் திறக்காவிட்டால் எஸ்எஸ்டியை முதலில் பார்க்க வேண்டும். விளக்கு எதற்கும் அசையவில்லையென்றால் ரேம், போர்டு, புராசஸர், எஸ்எம்பிஎஸ் பக்கம் தேட வேண்டியிருக்கும்.

மறுபடி இயக்கியதும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, நின்ற நேரத்தை ஒட்டிய வரிகளைப் படிக்கலாம். ‘கெர்னல்-பவர் 41’ என்பது சிஸ்டம் முறையாக அணையவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இதைக் காட்டி “எஸ்எம்பிஎஸ் போச்சு” என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பிவிடக் கூடாது. பவர் பட்டனை நாமே அழுத்தி அணைத்தாலும் அதே வரிதான் பதிவாகும். ‘டபிள்யூஎச்இஏ-லாகர்’ என்ற பெயரில் பிழை இருந்தால் அது கனமான தடயம். வன்பொருளே தன் கோளாறைச் சொல்லியிருக்கிறது. அந்தத் திரையைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வைக்க வேண்டும்.

ரேம் சோதனைக்கு மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடலாம். அதற்குமுன் பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்துவிட வேண்டும். பெட்டியில் அச்சிட்ட முழு வேகம் எக்ஸ்எம்பி போட்டால்தான் கிடைக்கும். எல்லாப் போர்டும் அதைத் தாங்காது. அணைத்த பிறகு சிஸ்டம் நிற்காமல் ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது. அணைத்தும் பிழை வந்தால், ஒன்றே வந்தாலும், அந்த ரேம் மாற்ற வேண்டியது. எஸ்எஸ்டியின் உடல்நிலையைச் சொல்ல கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும்.

வெப்பத்தின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் சூடேறிய புராசஸர் பொதுவாக முதலில் வேகம் குறையும், எல்லை மீறினால் அணையும். தறி வீட்டில் பஞ்சும் தூசும் மின்விசிறியை அடைக்கும், சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் “தூசு படிஞ்சிருக்கு, வாரண்டி கிடையாது” என்ற ஒற்றை வரியோடு கடைக்காரர் முடித்துவிட இடம் தரக் கூடாது. வோல்டேஜ் ஏறி இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். தெருவுக்கே அந்தத் தொல்லை இருந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி உரிமைக்கு வருவோம். 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பில் தர மறுப்பது அதன்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே; பில்லில் காலம் குறிக்காவிட்டால் 30 நாள் கணக்கு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அடிக்கும் முத்திரை, பொருளே குறையோடு இருக்கும்போது செல்லாது. “பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும்” என்ற பேரத்துக்கு இணங்குபவர் ஜிஎஸ்டியோடு சேர்த்து இந்தப் பாதுகாப்பையும் கைகழுவுகிறார். 

“தொழிலுக்கு வாங்கினது, நீங்க நுகர்வோரே இல்ல” என்று சிலர் மிரட்டுவதுண்டு. டிசைன் போட்டுப் பிழைக்கும் தனி ஆளிடம் இது எடுபடாது. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்ற வரையறையிலிருந்து சட்டம் விலக்கியிருக்கிறது. இதைத் தெளிவாக்கிய தீர்ப்புக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லட்சுமி எஞ்சினியரிங் தோற்றது; அது வாங்கிய இயந்திரம் வணிகத்துக்கானது என்றானது. ஆனால் அதே தீர்ப்பு, பிழைப்புக்காகத் தானே தட்டச்சு செய்ய டைப்ரைட்டர் வாங்குபவர் நுகர்வோரே என்றது. ஆட்டோ, லேத் போன்றவற்றை வாங்கி உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றும் விளக்கியது. இன்றைய டிசைன் கம்ப்யூட்டர் அன்றைய டைப்ரைட்டரின் இடத்தில்தான் இருக்கிறது.

வழக்கு என்றதும் சென்னைக்கு அலைய வேண்டுமே என்று தயங்குபவர்கள் அதிகம். தேவையில்லை. வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். சோதனை செய்தால்தான் குறை தெரியும் என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே வாரண்டி தகராறில் இருக்கும் பாகத்தை வேறு கடையில் பிரித்துப் பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். வழக்குத் தொடுக்கக் காலக்கெடு, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் டிசைன் கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுத்து, முடிந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். புது டிசைன் வெளியில் கசிந்து புடவையாகிக் கடைக்கு வந்துவிட்டால், 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் அதைப் பதிவு செய்வதே சிக்கலாகிவிடும்; புதுமையும், முன்பு வெளியாகாமல் இருப்பதும் பதிவுக்கு நிபந்தனைகள்.

பொருளை ஒப்படைக்கும்போது சீரியல் எண், கோளாறு, தேதி மூன்றும் எழுதிய ரசீது வாங்குங்கள். பதில் இழுபட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். கடைகளில் கிடைக்கும் வழவழப்பான வெப்பத்தாள் பில்லில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து, ஜெராக்ஸ் ஒன்றும் எடுத்து வைத்துவிடுங்கள்.