பாரவண்டியும் அதிர்வுத் தாங்கியும்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் கெடார் என்னும் ஊர் இருக்கிறது. சுற்றுப்புறத்தில் கரும்பு விளையும் நிலம் மிகுதி. முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் சர்க்கரை ஆலைகள் உள்ளன. வெட்டும் பருவம் வந்துவிட்டால், கூரை உயரத்திற்குக் கரும்பு அடுக்கிய லாரிகள் இப்பகுதிச் சாலைகளில் ஊர்ந்து செல்வதைக் காணலாம். அந்த லாரிக்கு முன்னே பள்ளிச் சிறுவன் ஒருவன் திடீரெனச் சாலையைக் கடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் தடையை அழுத்துகிறார். வண்டி நிற்குமா?

தடை நன்றாக இருந்தால் நிற்கும் என்றே நாம் விடை கூறுவோம். அது பாதி விடைதான். தடை, சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. வண்டியை நிறுத்துவது, சாலையைப் பற்றியிருக்கும் டயர். காற்றில் எழும்பிய சக்கரத்தை எவ்வளவு இறுகப் பிடித்தாலும் வண்டி நிற்காது. டயரைத் தரையோடு ஒட்டியிருக்கச் செய்யும் பணியில் பெரும்பங்கு, 'ஷாக் அப்சார்பர்' என்று நாம் வழங்கும் அதிர்வுத் தாங்கிக்கு உரியது.

இதன் பெயரைக் கேட்டுப் பலரும் ஏமாந்துபோகிறார்கள். இது பாரத்தைத் தாங்குவதன்று. பாரத்தைத் தாங்குவதும் பள்ளத்தின் அடியை முதலில் ஏற்பதும், எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில்லே. ஆனால் வில்லுக்கு ஒரு குறை உண்டு. அழுத்தினால் எழும்பும், எழும்பினால் மீண்டும் தாழும். தள்ளிவிட்ட ஊஞ்சலைப் போல அது ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே அதிர்வுத் தாங்கியின் வேலை.

குழந்தைகள் விளையாடும் பீச்சாங்குழலை நினைத்துப் பாருங்கள். மெல்ல அழுத்தினால் நீர் எளிதில் வெளிவரும். விரைந்து அழுத்தினால் கையை எதிர்க்கும். அதிர்வுத் தாங்கியின் உள்ளேயும் எண்ணெய், சிறு துளைகளின் வழியே இவ்வாறே தள்ளப்படுகிறது. ஆட்டம் விரைவாக இருந்தால் எதிர்ப்பும் மிகுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது.

இந்த வெப்பமே நமக்கு ஒரு சோதனையையும் கற்றுத் தருகிறது. சிறிய காரின் மூலையை அழுத்தி விட்டு, அது எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பார்கள். லாரியை அவ்வாறு கையால் அசைக்க இயலாது. ஆகவே மேடுபள்ளமான சாலையில் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிய பின் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, இருபக்கத்துக் குழல்களையும் எச்சரிக்கையோடு தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை என்று ஐயுறலாம். குழலில் எண்ணெய் வழிதல், டயர் ஆங்காங்கே குழிந்து தேய்தல், தடை போடும்போது முன்பக்கம் தலையாட்டுதல் ஆகியவையும் அறிகுறிகளே.

இனி, புதியதைத் தேர்வது எவ்வாறு? மிகுந்த பாரம் ஏற்றுவதால் மிகக் கடினமானதாகப் போடுவோம் என்று எண்ணுவோர் உளர். இது தவறு. அளவுக்கு மீறிக் கடினமானது, சக்கரத்தைப் பள்ளத்தில் இறங்கவிடாது. அதைத் தாங்கும் பிடிகளையும் விரிசலுறச் செய்யும். பாரம் மிகுந்தால் குறைக்க வேண்டியது பாரமே. பட்டை ஒடிந்திருந்தால் முதலில் மாற்ற வேண்டியதும் பட்டையே.

வண்டியின் மாதிரிக்கும் அச்சுக்கும் தயாரிப்பாளர் குறித்த எண்ணைப் பார்த்து வாங்குவதே முறை. முழுவதும் நீட்டிய நீளம், முழுவதும் அழுத்திய நீளம், இருமுனைக் கண்களின் அளவு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். குட்டையானது, அச்சு தாழும்போது இழுபட்டு அறும். நெட்டையானது, வில் அமுங்கும்போது முட்டி உடையும். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் லாரிகள் நம் சாலைகளில் மிகுதி. அதிர்வுத் தாங்கிகளும் இந்நாட்டிலேயே உருவாகின்றன. 1961-இல் நிறுவப்பெற்ற கேப்ரியல் இந்தியாவுக்கு ஓசூரிலும் தொழிற்சாலை உண்டு. ஆதலின் பொருத்தமானதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மாற்றும்போது ஓர் அச்சின் இருபக்கத்தையும் சேர்த்தே மாற்றுக. ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருப்பின், இரு பக்கங்களும் ஒத்து இயங்கா. இரட்டைக் குழல் வகையானால், மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை இழுத்து அழுத்தி உட்காற்றை நீக்குக. தேய்ந்த ரப்பர்ப் புஷ்களையும் உடன் மாற்றுக. வண்டியின் எடை சக்கரங்களில் நிற்கும்போதே மரைகளை இறுதியாக முறுக்குக. இல்லையேல் ரப்பர் முறுகி விரைவில் கிழியும்.

அதிர்வுத் தாங்கி பழுதானாலும் லாரி ஓடும். கரும்பு ஆலைக்குப் போய்ச் சேரும். அதனால்தான் அதனை மாற்றுவது நாளைக்கு, நாளைக்கு எனத் தள்ளிப்போகிறது. அதன் குறை தெரிவது, நிற்க வேண்டிய அந்த ஒரு நொடியில். கெடார்ச் சாலையைக் கடக்கும் சிறுவனுக்கு அந்த நொடியே எல்லாம் அன்றோ?