சோறு போடலைன்னு சொல்கிற அப்பத்தா

"காலையிலேருந்து ஒரு வாய் சோறு போடலப்பா." புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர், கீரனூர் பக்கத்துக் கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தா இப்படிச் சொன்னால், தெருவே நம்பிவிடும். அவர் சாப்பிட்ட வட்டில் அப்போதுதான் கழுவப் போயிருக்கும். பழி மருமகள் தலையில் விழும். திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் போனில் கேட்டுவிட்டு, பெண்டாட்டியிடம் சண்டைக்குப் போவார்.

அப்பத்தா பொய் சொல்லவில்லை. அன்றன்று நடப்பதைப் பதித்துவைக்க மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. மூளை மெல்ல மெல்லத் தேயும் டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோய், பெரும்பாலும் அங்கேதான் முதலில் கை வைக்கிறது. சாப்பிட்டது பதியவே இல்லை என்றால் எங்கிருந்து ஞாபகம் வரும்? சின்ன வயதில் பார்த்த நார்த்தாமலைப் பூச்சொரிதலை மட்டும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். அது எப்போதோ பதிந்தது. சுருக்குப்பையைக் காணோம், திருடிவிட்டார்கள் என்றும் சொல்வார். அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தவரும் அவரேதான். வைத்தது மறந்துபோய், காணோம் என்பது மட்டும் மிஞ்சும்போது, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மூளை தானாகவே ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொள்கிறது. எப்போதும் பக்கத்தில் இருப்பவர்தான் அதில் மாட்டுவார். அதனால்தான் நன்றாகப் பார்த்துக்கொள்கிற மருமகளே அதிகம் பழி சுமக்கிறாள்.

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், 1906-ல் உலகுக்கு எடுத்துச் சொன்ன நோயாளி அகஸ்தே டேட்டர் என்ற ஜெர்மானியப் பெண். 1901-ல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 51. வீட்டார் முதலில் கவனித்தது மறதியை அல்ல, கணவர் மேல் அவருக்கு வந்த சந்தேகத்தை.

இன்னொரு வகை இதைவிடக் கொடுமையானது, ஏனென்றால் அதை யாரும் நோய் என்றே நினைப்பதில்லை. அதில் மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டின் முன்முனையும் சுருங்குகின்றன. அடுத்தவர் முகம் வாடினால் நமக்கு உறைப்பதும், சபையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெரிவதும் இந்தப் பகுதிகளால்தான். பிராகா நகர மருத்துவர் அர்னால்ட் பிக் 1892-லேயே இந்த வகையைப் பற்றி எழுதினார். ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு இது வந்திருப்பதாக 2023-ல் அவர் குடும்பம் அறிவித்தது. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள், உழைத்துச் சம்பாதிக்கிற காலத்திலேயே தொடங்கிவிடும்.

மரியாதையாக இருந்த மனிதர் எழவு வீட்டில் சிரிப்பார். பந்தியில் பக்கத்து இலையில் கை வைப்பார். பெண்டாட்டி காய்ச்சலில் கிடந்தால், காப்பி எங்கே என்று கேட்பார். அதேநேரம் வட்டிக்கணக்கு பைசா பிசகாமல் சொல்வார். "எல்லாம் தெரிஞ்சேதான் பண்றாரு, கொழுப்பு" என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடும். தன்னிடம் மாற்றம் இருப்பது அவருக்கே தெரியாது. இரக்கம் ஊறுகிற இடமே பழுதாகிவிட்ட பிறகு, புத்தி சொல்லியோ பேச்சை நிறுத்தியோ என்ன பயன்? கோடாங்கியிடம் கூட்டிப் போவதும் அப்படித்தான்.

அல்சைமரில் கதை வேறு. நினைவு தேயத் தேய, அடுத்தவர் மனநிலை நோயாளிகளை முன்பைவிட அதிகமாகத் தொற்றிக்கொள்கிறது. இதை 2013-ல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஐயோவா பல்கலைக்கழகத்தில் 2014-ல் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகப் படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் காட்டினார்கள். பார்த்தது மறந்துபோனது, அது தந்த வருத்தமும் மகிழ்ச்சியும் அதற்குப் பிறகும் நீடித்தன. எனவே "இப்பத்தானே தின்ன?" என்று அதட்டினால், அதட்டிய சொல் போய்விடும், பயம் தங்கிவிடும். சாயங்காலம் காரணமில்லாமல் அழுகிறாரே என்று நாம் திகைப்போம். வாதாடாமல் கொஞ்சம் மோரோ ஒரு வாழைப்பழமோ கொடுத்துப் பேச்சை மாற்றுவதே நல்ல வைத்தியம். திருடி என்று பழி கேட்டுக்கொண்டே அதைச் செய்ய வேண்டியிருப்பது மருமகளுக்கு எவ்வளவு பெரிய பாரம் என்பதை மகன்களும் நாத்தனார்களும் உணர வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது அவளை விடுவித்து நீங்கள் உட்காருங்கள்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில், ஆண்களைவிடப் பெண்களிடம், படிக்காதவர்களிடம் இது அதிகம். குளத்தூர் வட்டத்து அப்பத்தாக்களில் பலர் இந்த மூன்றிலும் அடங்குவார்கள்.

குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, விழுந்ததில் தலைக்குள் ஏற்பட்ட ரத்தக்கட்டு ஆகியவையும் இதேபோலத் தெரியும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. அல்சைமருக்குக் கொடுக்கும் மாத்திரை, குணம் மாறுகிற அந்த வகைக்கு உதவுவதில்லை. சிலருக்கு நடத்தையை மோசமாக்கும். எந்த வகை என்று தெரியாமல் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. டாக்டரிடம் காட்ட, 2017 முதல் இயங்கும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் ஊழியர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இரண்டும் கூடினால் டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கலாம். அதே வாசலில் மறதியைப் பற்றியும், பெரியவர் குணம் மாறியிருக்கிறதா என்றும் நாலு கேள்வி கேட்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை, அடுத்த முறை ஒரு அப்பத்தா உங்களிடம் சோறு போடலை என்று சொன்னால், மருமகளைத் திட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டினார்களா என்று கேளுங்கள்.