விபத்துக்குப் பின் வராத தூக்கம்

கால் முறிவுக்குப் போட்ட கட்டைப் பிரித்தாயிற்று. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கிறது. ஆனால் லாரி ஹாரன் கேட்டால் உடம்பு உதறுகிறது. கண்ணை மூடினால் அதே வளைவு, அதே ஹெட்லைட் வெளிச்சம். அந்தச் சாலையைத் தவிர்த்து ஊரையே சுற்றிப் போகிறார். "பயந்துட்டாரு" என்று வீட்டில் மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிறார்கள். "ஒரு குவார்ட்டர் போடு, தூக்கம் வரும்" என்கிறார் நண்பர். இப்படியே ஒரு வருஷத்தைக் கழித்துவிட்டு வருகிறவர்களைத்தான் மறுபடி மறுபடி பார்க்கிறேன்.

இது கோழைத்தனம் அல்ல, நோய். டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்பார்கள். விபத்து முடிந்தும் மூளை ஆபத்துக் காலத்திலேயே நிற்கிறது. முதல் சில வாரம் கெட்ட கனவும் படபடப்பும் பலருக்கும் வந்து தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் மனநல மருத்துவரிடம் போயாக வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது.

குணமாக வழி உண்டு. பயிற்சி பெற்ற உளவியலாளர், தவிர்த்துவந்த நினைவையும் இடத்தையும் கொஞ்சங்கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்குவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் செர்ட்ரலின் போன்ற மாத்திரையும் தருவார். பலன் தெரியச் சில வாரம் ஆகும். கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். மது வேண்டவே வேண்டாம்.

14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அங்கே சிகிச்சை பெறுவதை உங்கள் உரிமை என்கிறது.

எல்லோரும் கோட்டைவிடுவது காகிதத்தில்தான். எலும்பு வார்டில் "ராத்திரி தூங்குறீங்களா?" என்று ஒருவரும் கேட்பதில்லை, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. பிறகு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காலுக்கு மட்டும் கணக்குப் போடுவார்கள். ஆகவே மனநலப் பிரிவுக்கு முதல் முறை போகும்போதே ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்), எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கொண்டுபோங்கள். விபத்துத் தேதியைச் சொல்லி, தொந்தரவு அதற்குப் பின்தான் தொடங்கியது என்பதை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் மனநலச் சிகிச்சைப் பதிவைக் காட்ட மறுத்தால், அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

இழப்பீட்டு மனுவுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் வைத்த கெடு, விபத்து நாளிலிருந்து 6 மாதம். மனம் தேறட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனுவைப் போட்டுவிட்டுச் சிகிச்சையைத் தொடருங்கள். வக்கீலுக்குப் பணமில்லையா? நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கும் அழைக்கலாம். மறுபடி சொல்கிறேன்: 6 மாதம்.

அதே வண்டியில் குழந்தையும் வந்ததா? கீறல்கூட இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பொம்மை வண்டிகளை ஓயாமல் மோதவிட்டு விளையாடினாலோ, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தாலோ அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஓ.பி. சீட்டு அதற்குத் தனியாக, அதன் பெயரிலேயே போட வேண்டும்.