பகல் தரும் சர்க்கரை, இரவு காக்கும் புளிப்பு

2019ஆம் ஆண்டு விளைந்த திராட்சையில் ஜெர்மனியால் ஐஸ் ஒயின் எடுக்க முடியவில்லை. நாட்டின் 13 ஒயின் பகுதிகளில் ஒன்றில்கூடத் தேவையான குளிர் வரவில்லை என்று ஜெர்மன் ஒயின் நிறுவனம் 2020 மார்ச்சில் அறிவித்தது. நாடு முழுவதும் இப்படித் தவறிப்போனது அதுவே முதல் முறை.

கொடியிலேயே உறைந்த பழத்தைப் பறித்து, உறைந்த நிலையிலேயே பிழிந்து எடுப்பது ஐஸ் ஒயின். அதற்குக் குறைந்தது மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். அந்தக் குளிரில் பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகிப் பிழியும் இயந்திரத்திலேயே தங்கிவிடும். சர்க்கரையும் புளிப்பும் செறிந்த கொஞ்சம் சாறு மட்டும் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். அறுவடை பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோ, விடிவதற்கு முன்பே நடக்கும். அதுவரை விவசாயி பழத்தைக் கொடியிலேயே விட்டுவைத்துக் காத்திருப்பார். பறவைக்கும் அழுகலுக்கும் ஒரு பங்கு போகும். குளிர் வராவிட்டால் மொத்தமும் போகும்.

நெல்லிலும் கரும்பிலும் தட்பவெப்பம் முதலில் கை வைப்பது விளைச்சலின் அளவில். ஒயின் திராட்சையிலோ, எந்த ஊரில் எந்த வகை ஒயின் பிறக்கலாம் என்பதையே அது முடிவு செய்கிறது. உலகப் புகழ் பெற்ற ஒயின் வகைகள் பலவும் நல்ல வானிலையின் பரிசு அல்ல. அந்தந்த ஊரின் வானிலைக் குறையைச் சமாளிக்க மக்கள் கண்டுபிடித்த வழிகள்.

பழத்துக்குள் நடக்கும் கணக்கு

காயாக இருக்கும்போது திராட்சை முழுக்கப் புளிப்புதான். டார்டாரிக், மாலிக் என்ற இரண்டு அமிலங்கள் அதில் முக்கியமானவை. காய் நிறம் மாறத் தொடங்கியதும் இலைகளில் உருவாகும் சர்க்கரை பழத்துக்குள் வந்து சேர ஆரம்பிக்கும். அதே நேரத்தில் பழம் சுவாசிப்பதற்காக மாலிக் அமிலத்தைச் செலவழிக்கும். வெப்பம் கூடக் கூட இந்தச் செலவும் கூடும். இரவும் புழுக்கமாக இருந்தால் இரவிலும் தொடரும். பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் உள்ள ஊரில் சர்க்கரை ஏறினாலும் புளிப்பு தங்கிவிடுகிறது. பகலும் இரவும் சூடாக இருக்கும் ஊரில் சர்க்கரை சீக்கிரம் ஏறிவிடும், புளிப்பு கரைந்துவிடும். மணமும் தோலின் நிறமும் முழுமை அடைய அவகாசம் கிடைப்பதில்லை.

ஈஸ்ட் இந்தச் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹாலை உண்டாக்குகிறது. ஒரு லிட்டர் சாற்றில் உள்ள ஒவ்வொரு 17 கிராம் சர்க்கரைக்கும் ஏறக்குறைய 1 சதவீதம் ஆல்கஹால். லிட்டருக்கு 240 கிராம் சர்க்கரை உள்ள சாறு முழுமையாக நொதித்தால் ஒயினில் 14 சதவீதம் இருக்கும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அமெரின், விங்க்லர் இருவரும் 1944இல் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒரு வெப்பக் கணக்குப் போட்டார்கள். திராட்சை மொட்டு விரிவதற்குச் சுமார் 10 டிகிரி வேண்டும். அதற்கு மேல் உள்ள வெப்பத்தை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நாள்தோறும் கூட்டி, கலிபோர்னியாவை 5 மண்டலங்களாகப் பிரித்து, எங்கே எந்த ரகம் நடலாம் என்று பரிந்துரைத்தார்கள். இன்றும் பயன்படும் கணக்குதான் அது. ஆனால் நாளின் சராசரியை வைத்துப் போடுவதால் பகலுக்கும் இரவுக்கும் உள்ள இடைவெளி அதில் தெரியாது. சுவையைப் பொறுத்தவரை அந்த இடைவெளிதான் பெரிய விஷயம்.

சரிவில் நிற்கும் கொடி

ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையைப் பார்த்தால் வானிலையோடு மனிதன் நடத்தும் பேரம் தெளிவாகத் தெரியும். 50ஆவது அட்சரேகையை ஒட்டிய இடம். சமவெளியில் நட்டால் ரீஸ்லிங் என்ற ரகம் பழுக்கவே திணறும். அதனால் ஆறு வளைந்து வளைந்து ஓடும் இடங்களில், தெற்குப் பார்த்த மலைச்சரிவுகளில் கொடிகளை நட்டார்கள். சாய்ந்து வரும் வெயில் அந்தச் சரிவில் நேராக விழுகிறது. தரையெல்லாம் கறுத்த சிலேட்டுக் கல். பகலில் வாங்கிய சூட்டை அது இரவில் விட்டுக்கொடுக்கிறது. கீழே ஆறு ஒளியைப் பிரதிபலிக்கிறது, உறைபனியின் கடுமையையும் சற்றுத் தணிக்கிறது.

பிரெம் என்ற ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 டிகிரிக்கும் மேல் சாய்ந்திருக்கிறது. டிராக்டர் ஏறாது. ஒவ்வொரு கொடியும் தனித்தனிக் கம்பத்தில் கட்டப்பட்டிருக்கும். கவாத்தும் அறுவடையும் கையால்தான். ஆளையும் பழக்கூடையையும் ஏற்றி இறக்கச் சில இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கர வண்டி ஓடுகிறது.

இவ்வளவு பாடுபட்டும் பழம் அக்டோபர் வரை, சில ஆண்டுகளில் நவம்பர் வரை, மெதுவாகத்தான் பழுக்கும். சர்க்கரை மிதம், புளிப்பு ஏராளம். அந்தக் குறையைத்தான் மோசெல் விவசாயிகள் தங்கள் அடையாளமாக மாற்றினார்கள். நொதித்தலைப் பாதியில் நிறுத்திக் கொஞ்சம் சர்க்கரையைச் சாற்றிலேயே விட்டுவிடுவார்கள். கிடைப்பது 8 சதவீத அளவிலான ஆல்கஹாலோடு, இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் மெல்லிய வெள்ளை ஒயின். வெப்ப நாட்டுப் பழத்தில் இதையே செய்தால் புளிப்பின் துணையில்லாத இனிப்பு திகட்டிவிடும்.

பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரத்தின் கதையும் இதுதான். ஆண்டு சராசரி வெப்பம் 11 டிகிரி அளவில் இருக்கும் அந்த ஊரில், குளிர்காலம் வந்ததும் நொதித்தல் பாதியில் நின்று, வசந்தத்தில் மறுபடி தொடங்கி, ஒயினில் குமிழி எழும். கோளாறாகத் தோன்றிய அந்தக் குமிழியைப் பிற்காலத்தில் வேண்டுமென்றே பாட்டிலுக்குள் உண்டாக்கக் கற்றுக்கொண்டார்கள். அட்லாண்டிக் கடல் மழையை நம்ப முடியாத போர்தோவில் ஒரே ரகத்தை நம்பியிருக்க மாட்டார்கள். முந்திப் பழுக்கும் மெர்லோவையும் பிந்திப் பழுக்கும் கேபர்நே சாவிக்னனையும் சேர்த்தே நடுவார்கள். உறைபனியில் ஒன்று போனாலும், இலையுதிர்கால மழையில் மற்றொன்று போனாலும், அந்த ஆண்டின் கலவையைச் சரிக்கட்ட ஏதோ ஒன்று மிஞ்சும்.

ஒரே ரகம் இரண்டு ஊரில் எப்படி மாறுகிறது என்பதற்கு சிராவைவிட நல்ல சாட்சி இல்லை. பிரான்ஸின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் அதில் மிளகு வாசம் அடிக்கும். ஆஸ்திரேலியாவின் பரோசா வெயிலில் அதுவே ஷிராஸ் என்ற பெயரில் கனிந்து கெட்டியாகி, 14, 15 சதவீத ஆல்கஹாலோடு வருகிறது. அந்த மிளகு வாசத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற மூலக்கூறு என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். நம் சமையலறைக் கருமிளகில் இருப்பதும் இதே மூலக்கூறுதான். குளிர்ச்சியான தோட்டங்களின் பழத்தில் இது அதிகம் சேர்கிறது.

எந்த ஊரில் எந்த ஒயின் என்ற இந்த வரைபடம், வெப்பம் கூடி வருவதால், இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது. பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் உள்ள அறுவடைத் தேதிகளைத் தொகுத்த ஆய்வு 2019இல் வெளியானது. 1988க்குப் பிறகு அறுவடை, அதற்கு முந்தைய ஆறு நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாள் முன்னதாக நடக்கிறது என்று அது சொல்கிறது. மரபை லேசில் விடாத போர்தோவிலும், வெப்பத்தைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் 6 புதிய ரகங்களைச் சிறு அளவில் நட 2021இல் அனுமதி கிடைத்தது. ஷாம்பெயினின் டெட்டாஞ்ஜே நிறுவனம் 2015இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் கொடி நட நிலம் வாங்கியது. கொடி முன்கூட்டியே துளிர்ப்பதால் உறைபனியின் ஆபத்தும் குறைந்தபாடில்லை. 2021 ஏப்ரலில் பிரெஞ்சு விவசாயிகள் தோட்டம் முழுக்கத் தீப்பந்தம் ஏற்றி வைத்தும் இளந்துளிர்கள் பெருமளவில் கருகின.

குளிர்காலமே இல்லாத இடத்தில்

ஒயின் திராட்சை 30 முதல் 50 டிகிரி அட்சரேகைக்குள்தான் நன்றாக வரும் என்பது பழைய பாடம். நாசிக் 20 டிகிரியில் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. ஏப்ரல் கவாத்துக்குப் பிறகு வரும் கிளைகளில், கோடை வெயிலின் பலத்தில், அடுத்த பருவத்துக்கான பூமொட்டு உள்ளுக்குள் உருவாகும். பருவமழைக் காலத்தில் காய்ப்புக்கு விடமாட்டார்கள். விட்டால் அடிச்சாம்பல் நோய் தின்றுவிடும். மழை ஓய்ந்து அக்டோபரில் மறுபடி கவாத்து செய்தால் பூத்துக் காய்த்து ஜனவரி முதல் மார்ச் வரை பழுக்கும். ஐரோப்பாவில் கொடி உறங்கும் மாதங்களில் இங்கே பழம் கனிகிறது. சுமார் 600 மீட்டர் உயரமும் தக்காணத்தின் குளிர்ந்த இரவும் புளிப்பைக் காப்பாற்றுவதால்தான் சாவிக்னன் பிளாங், செனின் பிளாங் போன்ற வெள்ளை ரகங்கள் அங்கே எடுபட்டன. நாட்காட்டியையே தலைகீழாகப் புரட்டிப் போட்ட இந்த ஏற்பாடு, மோசெல் சரிவுக்குச் சற்றும் குறையாத விவசாய அறிவு என்றே சொல்வேன். நாசிக்கிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அம்மாவட்டத்தின் நிபாட் வட்டாரத்தில் கடுங்குளிர் இறங்கும் இரவுகளில் பழத்தைக் காக்கத் தோட்டத்தில் தீ மூட்டுகிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு இன்னும் தெற்கே, 10 டிகிரிக்குச் சற்றுக் கீழே. அங்கே கொடி உறங்குவதே இல்லை. குளிர்காலம் செய்ய வேண்டிய வேலையைக் கவாத்துக் கத்தி செய்கிறது. டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில். ஆளுக்கு ஒரு நாளில் கவாத்து செய்வதால் ஏதாவது ஒரு பந்தலில் எப்போதும் பழம் இருக்கும். மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம்தான் அங்கே பன்னீர் திராட்சை. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சூடு விலகாத பள்ளத்தாக்கிலும் மணம் விடாத ரகம் அது.

ஐரோப்பிய ஒயின் ரகங்களைத் தமிழ்நாட்டில் நட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மண் பரிசோதனையும் தண்ணீர் வசதியும் முக்கியம்தான். ஆனால் பந்தலுக்குக் கல் ஊன்றுவதற்கு முன், பழம் கனியும் மாதங்களில் உங்கள் நிலத்தில் இரவு வெப்பம் எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டு மூன்று ஆண்டுகளாவது குறித்துப் பாருங்கள். ரகத்தை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள்.