ஓசூர் தெருக்களுக்கு ஒரு கேமரா

1857-ம் ஆண்டின் இறுதியில், லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி பெங்களூரிலிருந்து தெற்கே கிளம்பினார். மதராஸ் மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் அவர். பெரிய மரக் கேமரா, மெழுகு பூசிய காகித நெகட்டிவ்கள், ரசாயனங்கள் எல்லாம் மாட்டு வண்டிகளில் வந்தன. தஞ்சாவூர், மதுரை என்று நீண்ட அந்தப் பயணத்தில் அவர் கேமராவை இறக்கிய இடங்களில் ஒன்று, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர் பக்கம் இருக்கும் ராயக்கோட்டை. அங்கும் பழைய சேலம் மாவட்டத்தின் மற்ற இடங்களிலும் எடுத்த படங்கள் 1858-ல் தனித் தொகுப்பாகவே சென்னையில் வெளிவந்தன.

தமிழ்நாட்டில் கேமரா வாங்கும் பலரும் மயிலாப்பூருக்கும் மதுரைக்கும் ஓடுகிறார்கள். ஓசூர்க்காரர்களுக்கு அந்த ஓட்டம் தேவையே இல்லை. புகைப்படக் கலையின் தொடக்க காலத்திலேயே கேமரா பார்த்துவிட்ட மண் இது.

ஆனால் ட்ரைப்பால் ஒன்றைச் செய்ய முடியவில்லை. அவருடைய காகித நெகட்டிவ் ஒளியை வாங்கிக்கொள்ள நிமிடக்கணக்கில் நேரம் பிடித்தது. மலையும் கோட்டையும் மரமும் அசையாமல் நின்றதால் பதிந்தன. குறுக்கே நடந்துபோனவர்கள் பதியவே இல்லை. அந்தத் தொகுப்பு வந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகு, 1878 டிசம்பர் 10 அன்று ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். அவர் பிறந்த வீடு இன்று அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. வீடு நின்றுவிட்டது. அந்தத் தெருவில் அன்றாடம் நடந்த மனிதர்கள் எப்படி இருந்தார்கள், என்ன சுமந்தார்கள், யாரோடு நின்று பேசினார்கள் என்பதையெல்லாம் படமாக்கும் வசதி அன்றைய கேமராவுக்கு இல்லை.

நமக்கு அந்த வசதி இருக்கிறது. தெருப் புகைப்படம் என்ற கலையின் பெருமையே அதுதான்: நடந்து போகிறவரையும் வரலாற்றில் சேர்த்துக்கொள்வது.

சின்னக் கேமரா போதும்

1925-ல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தபோதுதான் இந்தக் கலைக்குக் கால் முளைத்தது. சினிமா பிலிமைச் சின்ன உடலுக்குள் அடக்கிய அந்தக் கருவியோடு உலகம் சுற்றிய ஹென்றி கார்ட்டியே-பிரெசன், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். வாழ்நாளின் பெரும்பகுதி 50 எம்.எம். லென்ஸ் ஒன்றையே நம்பி வேலை செய்தவர் அவர்.

தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் நீளமான ஜூம் லென்ஸ் வாங்கத் துடிப்பதைப் பார்க்கிறேன். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தூரத்திலிருந்து இழுத்து எடுத்த படத்தில் முகம் இருக்கும், இடம் இருக்காது. ரிக்கோ ஜிஆர், ஃபியூஜிஃபிலிம் எக்ஸ் 100 வரிசை போன்ற கேமராக்களைத் தெருக் கலைஞர்கள் விரும்புவதற்குக் காரணம், அவற்றின் லென்ஸ் 28 அல்லது 35 எம்.எம். பார்வையில் நிலையாக இருப்பதுதான். விலை கட்டுப்படியாகாதவர்கள் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றில் சின்ன பிரைம் லென்ஸ் மாட்டிக்கொண்டால் போதும். அதுவும் இல்லையென்றால் செல்போன். பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ இதே அகலத்தில்தான் பார்க்கிறது.

ஓடும் தெருவில் ஆட்டோஃபோகஸ் தேடித் தடுமாறும் நேரத்தில் காட்சி கலைந்துவிடும். அதற்கு ஒரு பழைய வழி உண்டு. ரிக்கோ ஜிஆர் போன்ற கேமராவில் அப்பர்ச்சரை எஃப் 8-ல் வைத்து, ஃபோகஸை 2 மீட்டருக்குச் சற்று மேலே நிறுத்திவிட்டால், ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிலிருந்து கடைசியில் தெரியும் மலை வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டர் வேகம் 1/500 இருந்தால் நடப்பவரின் கால் கலங்காது. ஐஎஸ்ஓவை கேமரா பார்த்துக்கொள்ளட்டும். பிறகு உங்கள் வேலை கண்ணால் மட்டும்தான்.

எங்கே, எப்போது

ஓசூரின் கதை ஷிப்ட் மாறும் நேரத்தில் தெருவுக்கு வருகிறது. 1970-களில் சிப்காட் வந்தது. 1980-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் ஓடத் தொடங்கின. 2019-ல் ஊர் மாநகராட்சியானது. இப்போது செல்போன் பாகங்கள் செய்யும் ஆலைகளுக்குப் பல மாநிலங்களிலிருந்து இளம்பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். கம்பெனி பஸ்ஸுக்காக விடிவதற்கு முன் நிற்கும் கூட்டம், அதே நேரத்தில் பூக்கூடையோடு மார்க்கெட்டுக்கு வரும் விவசாயி, இருவருக்கும் டீ ஆற்றும் கடைக்காரர். இந்த மூவரும் ஒரே ஃபிரேமில் நிற்கும் ஊர்கள் அதிகம் இல்லை.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் என்பதால் மார்கழி, தை மாதங்களில் காலைப் பனி நிழல்களை மென்மையாக்கிவிடும். கடைகளின் எல்இடி விளக்கில் எடுக்கும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழாது. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அங்கே அணைத்துவிடுங்கள்.

ராயக்கோட்டையின் தக்காளி மண்டி, ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையின் படிக்கட்டு, ஜூஜூவாடி எல்லையில் இரண்டு மாநிலப் பேருந்துகள் உரசிக்கொண்டு நிற்கும் சாலை, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் பேசப்படும் கிராமங்கள். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். சானமாவு காட்டுப் பக்கம் யானைக் கூட்டம் வந்திருக்கும் நாட்களில் மட்டும் கேமராவைப் பைக்குள் வையுங்கள். யானையைத் துரத்திப் படமெடுப்பது யானைக்கும் ஆபத்து, வயலில் காவல் இருக்கும் விவசாயிக்கும் ஆபத்து.

மேகத்தை வரைந்தவர்

இப்போது எடிட்டிங்கிற்கு வருவோம். ட்ரைப்பும் எடிட் செய்தவர்தான். அவருடைய காகித நெகட்டிவ் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி மயங்கியதால் வானம் வெறும் வெள்ளையாக வெளிறிவிடும். ஆகவே பல நெகட்டிவ்களில் அவர் தூரிகையால் மேகம் வரைந்தார். இலைகளைக்கூடத் தீட்டித் திருத்தினார். 2020-ல் ஃபோட்டோஷாப்பில் வானத்தையே ஒரு க்ளிக்கில் மாற்றும் வசதி வந்தது. 2023-ல் இல்லாத பொருளை எழுத்தால் கேட்டு வரவழைக்கும் வசதியும் சேர்ந்தது. ட்ரைப் தன் நெகட்டிவின் குறையை ஈடுகட்ட வரைந்தார். நமக்கு அந்தக் குறை இல்லை. அதனால் அந்தச் சலுகையும் இல்லை.

ஏன் குறை இல்லை என்கிறேன்? ஜேபெக் படம் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். வெளிறியதுபோல் தெரியும் பனி வானத்துக்குள் மேகம் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். ஹைலைட்டைக் கீழே இறக்கினால் வந்துவிடும். ஆகவே ராவில் எடுங்கள். போனிலும் ப்ரோ மோடில் ரா இருக்கிறதா என்று பாருங்கள். போன் தானாகவே பல ஃபிரேம்களைச் சேர்த்து, முகத்தை மெழுகித் தரும் படத்தைவிட அது நேர்மையானது.

மென்பொருளுக்காகக் கடன் வாங்க வேண்டாம். சந்தா கட்ட முடிந்தவர்களுக்கு லைட்ரூம் இருக்கிறது. முடியாதவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி, கிம்ப் மூன்றும் முழுக்க இலவசம். போனுக்கு ஸ்னாப்சீட் போதும். வேலையின் வரிசை எல்லாவற்றிலும் ஒன்றுதான். முதலில் தேர்வு: சுமாரான படத்தைத் திருத்தி நேரம் கழிக்காதீர்கள். அடுத்து க்ராப், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஹைலைட், ஷேடோ. அத்தோடு கையை எடுத்துவிடுங்கள். டீக்கடை பல்பின் மஞ்சளை முழுவதும் வெள்ளையாக்கினால் அந்த விடியற்காலையே போய்விடும்.

வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம், கறுப்பு வெள்ளையாக்கலாம். இருந்த பொருளை நீக்கவும் கூடாது, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. 2015 வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டியில் இறுதிச் சுற்றுக்கு நெருங்கிய படங்களில் சுமார் 20 சதவீதம் இந்தக் கோட்டைத் தாண்டியதற்காக வெளியேற்றப்பட்டன. 2016-ல் ஸ்டீவ் மெக்கரி போன்ற புகைப்பட மேதையின் படங்களிலேயே ஆட்களும் பொருட்களும் அழிக்கப்பட்டிருந்தது தெரிந்து உலகம் அதிர்ந்தது.

ஓசூருக்கு இந்த விதி இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சட்டகத்தில் உறுத்துகிறது என்று நீங்கள் அழிக்க நினைக்கும் மின்கம்பியும் ஃப்ளெக்ஸ் போர்டும் இந்தி எழுத்தில் ஒட்டிய ‘ரூம் வாடகைக்கு’ நோட்டீஸும்தான், இந்த ஊர் எப்படி மாறியது என்பதற்குப் பின்னால் வருகிறவர் தேடப்போகும் சாட்சி.

கேட்டு எடுப்போம், கொடுத்து வைப்போம்

பொது இடத்தில் நிற்பவர் என்பதற்காக அவர் நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து சோர்ந்து நிற்கும் பெண்ணின் முகத்தைக் கேட்காமல் எடுத்து நெட்டில் போடுவது தவறு. காட்சி கலைந்துவிடும் என்றால் எடுத்தபின் போய்ச் சொல்லுங்கள், படத்தைக் காட்டுங்கள். ‘வேணாம் அண்ணா’ என்றால் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள். சம்மதித்தவருக்கு அடுத்த முறை போகும்போது ஒரு பிரின்ட் கொண்டுபோங்கள். அந்தத் தெரு அதன்பிறகு உங்களைத் தள்ளி வைக்காது.

கடைசியாக, யாரும் பெரிதாகப் பேசாத ஒரு வேலை. ட்ரைப்பின் படங்கள் இன்றும் பயன்படுவதற்குக் காரணம் அவற்றின் அழகு மட்டும் இல்லை. எந்த ஊர், என்ன காட்சி என்ற குறிப்போடு அவை தொகுக்கப்பட்டன. நம் படங்களோ தேதி அழிந்து, சுருங்கி, வாட்ஸ்அப்பில் சுற்றிக் காணாமல் போகின்றன. டார்க்டேபிளிலும் லைட்ரூமிலும் படத்தோடு சேர்த்தே தமிழில் குறிப்பு எழுத முடியும். ஊர், தெரு, நாள், நடந்தது என்ன என்று நான்கு வரி எழுதுங்கள். ரா ஃபைலை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

ஓசூரில் விடுமுறை நாட்களில் கேமராவோடு இறங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பத்துப் பேர் ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொண்டு, ஓராண்டு முழுவதும் படமெடுத்து, குறிப்போடு கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ கிளை நூலகத்துக்கோ கொடுத்தால் போதும். 1858-ன் தொகுப்பில் இடம்பெறாமல் போன மனிதர்கள் அடுத்த தொகுப்பில் பெயரோடும் முகத்தோடும் இருப்பார்கள். அதற்குத் தேவையான கருவி பலர் கையில் ஏற்கெனவே இருக்கிறது.