கடலடி வண்டல் யார் சொத்து?

பழனிக்குப் பக்கத்தில் இருக்கும் பாலசமுத்திரத்துக்குப் பெயரில் மட்டும்தான் கடல். பெரிய நீர்நிலையைச் சமுத்திரம் என்றழைத்த காலத்துப் பெயர்கள் இப்படி நம் ஊர்களில் ஏராளம். குளம் வற்றினால் வண்டல் அள்ளலாம். ஆனால் அனுமதி வேண்டும். முன்பு கலெக்டர் ஆபீஸ் வரை அலைந்தார்கள், 2024 முதல் தாசில்தாரே தரலாம் என்றானது. ‘பொதுக்குளம்தானே’ என்று கேட்காமல் டிப்பரை இறக்கினால் அதற்குப் பெயர் மண் திருட்டு.

நிஜச் சமுத்திரத்தின் அடியிலும் இதே வழக்குதான் நடக்கிறது.

எந்த நாட்டு எல்லைக்கும் உட்படாத ஆழ்கடல் தரை மனிதகுலத்தின் பொதுச்சொத்தாக வேண்டும் என்று 1967இல் ஐ.நா.வில் பேசியவர் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ. 1982 கடல் சட்ட உடன்படிக்கையில் அது எழுத்தானது. 1994இல் நடைமுறைக்கு வந்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் சர்வதேசக் கடலடி ஆணையம்தான் இங்கே தாசில்தார். கையில் கடிவாளம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இந்தியா இந்த வரிசையில் முன்னால் நின்ற நாடு. 1987இலேயே முன்னோடி முதலீட்டாளராகப் பதிவானது. ஒதுக்கப்பட்ட ஒன்றரை லட்சம் சதுர கி.மீ.யில் பாதியைப் படிப்படியாகத் திருப்பிக் கொடுத்தது போக, இந்தியப் பெருங்கடலின் நடுவே இன்று கையிலிருப்பது 75,000 சதுர கி.மீ. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல்! அங்கே 5 கி.மீ.க்கும் கீழே, இருட்டில், கொடைக்கானல் உருளைக்கிழங்கு போலக் கறுத்த உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றை அறுத்தால் வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் சிலசமயம் ஒரு சுறாப் பல். நிக்கல், செம்பு, கோபால்ட், மாங்கனீசு எல்லாம் அதில் உண்டு. 10 லட்சம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அள்ளினால் அள்ளியதுதான். நம் குளத்து வண்டல் அடுத்த வெள்ளத்தில் திரும்பி வந்துவிடும்.

சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ‘வராகா’ இயந்திரம் 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓடிப் பார்த்தது. ஆனால் 2002இல் இந்தியா கடலடி ஆணையத்துடன் போட்ட ஒப்பந்தம் ஆராய மட்டுமே, வெட்டியெடுக்க அல்ல. அதற்கான விதிகள் ஆணையத்தின் 2025 ஜூலைக் கூட்டத்திலும் முடிவாகவில்லை.

இதற்கிடையே, உடன்படிக்கையில் சேராத அமெரிக்கா, 2025 ஏப்ரலில் டிரம்ப் ஆணையோடு தன் சொந்தச் சட்டத்திலேயே அனுமதி தரக் கிளம்பிவிட்டது. டிப்பர் குளத்துக்குள் இறங்கியாயிற்று என்றுதான் சொல்லவேண்டும். வரிசையில் நின்று காகிதம் வாங்கிய இந்தியாதான் இதை முதலில் உரக்கக் கண்டிக்க வேண்டும். விதி உடைந்தால் நம் 75,000க்கும் காவல் கிடையாது.

விதி வரும்வரை யாரும் தோண்டக் கூடாது என்று 30க்கும் மேற்பட்ட நாடுகள் கேட்கின்றன. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.