பட்டாளக் கணக்கு: 6,000 பேரும் 21 ஆண்டும்

ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்ட வீடுகளில் ஒரு பையன் “ஆர்மிக்கு எழுதிப் போடப் போறேன்” என்றால் அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். குண்டு பட்டுச் செத்துப்போவான் என்ற பயம். அப்பாவோ, கவர்மெண்டு வேலை, ஆயுசுக்கும் பென்ஷன் என்று நிம்மதி கொள்வார். 2005 வாக்கில் தேசிய சேவை முகாமுக்குப் போய்வந்த அடுத்த வீட்டு அண்ணன், ஆர்மி எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்பார். மூன்று பேரும் அன்பில்தான் பேசுகிறார்கள். ஆனால் எண்களைப் பார்த்துப் பேசவில்லை.

குண்டுப் பயத்துக்குப் பதில் சொல்லும் கணக்கு நம் பாட்டன் காலத்திலேயே இருக்கிறது. 1943 ஜூலை 2-ஆம் தேதி சிங்கப்பூர் வந்து இறங்கிய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், ஒரு வாரத்தில் மக்களிடம் கேட்டது 3 லட்சம் வீரர்கள், 3 கோடி டாலர். அவர் நடத்திய இந்திய தேசிய ராணுவத்தில் கடைசியில் சேர்ந்தவர்கள் சுமார் 40,000 பேர். அதில் ஏறக்குறைய பாதி, ஜப்பானியரிடம் பிடிபட்டிருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைவீரர்கள். மீதிப் பாதி சாதாரண மக்கள். அவர்களில் பெரும்பகுதி மலாயாத் தமிழர்கள், அதிலும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். விடுதலை வேட்கை அவர்களை இழுத்தது. அதே நேரத்தில் 415 கிலோமீட்டர் நீள சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் தோட்டந்தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படையில் பெயர் கொடுத்தால் அந்தப் பிடியிலிருந்து தப்பலாம் என்ற எண்ணமும் பலரைத் தள்ளியது.

1944-இல் இம்பால் போர்முனைக்குப் போன அந்த ராணுவத்தின் முதல் டிவிஷனில் 6,000 பேர். சண்டையில் இறந்தவர்கள் சுமார் 400. நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் சுமார் 1,500. ஓடிப்போனவர்கள் 715. சரணடைந்தவர்கள் 800. திரும்பி வந்தவர்கள் சுமார் 2,600. அவர்களில் 2,000 பேர் நேராக மருத்துவமனையில் படுத்தார்கள். 100 பேராகச் சுருக்கினால், குண்டுக்கு 7 பேர், வயிற்றுப்போக்குக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் 25 பேர், ஓடியவர் 12, கைதூக்கியவர் 13, திரும்பியவர் 43. அந்த 43 பேரில் தெம்பாக நின்றவர்கள் 10 பேர்தான். இம்பாலைப் பிடித்து அங்குள்ள பிரிட்டிஷ் கிடங்கில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நம்பி, சுமார் மூன்று வார உணவோடு ஜப்பானியத் தளபதிகள் படையெடுத்தார்கள். இம்பால் விழவில்லை, மழைக்காலம் வந்தது, சிந்த்வின் ஆற்றைத் தாண்டி அரிசி வரவில்லை. இந்திய வீரனும் அவர்களோடு சேர்ந்து பட்டினி கிடந்தான்.

அந்த முதல் டிவிஷனில் பழைய பட்டாளக்காரர்களே அதிகம். மலாயாவில் சேர்ந்த தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் போர்முனையைக் கண்டது 1945 பிப்ரவரியில், பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையில் நியாங்கு பகுதியில், தில்லான் தலைமையிலான நேரு ரெஜிமென்டில். இன்னும் ஆயிரக்கணக்கானோர் மலாயா முகாம்களில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோதே போர் முடிந்துவிட்டது. பட்டாளத்தில் இருந்தவர் எல்லாரும் சண்டை போட்டவர் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். சோறு, காய்ச்சல், காத்திருப்பு, நடை என்றுதான் அவர்களில் பலருடைய நாட்கள் கழிந்தன. பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையும் அப்படித்தான். அதன் முகாம் 1943 அக்டோபர் 22-இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. கோலாலம்பூர் ஜானகி தேவர் போன்ற பெண்கள் துப்பாக்கிப் பயிற்சி முடித்து பர்மாவரை போனார்கள். போர்முனைத் தாக்குதலுக்கு அவர்களை அனுப்பவில்லை. மேமியோவில் காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டினார்கள், 1945-இல் ரங்கூனிலிருந்து வாரக்கணக்கில் நடந்து பின்வாங்கினார்கள். இதைச் சொல்வதால் அவர்களின் பெருமை குறையாது. நடந்ததை நடந்தபடி அறிவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கக் கணக்கும் இதையே சொல்கிறது. பர்மாவில் பிரிட்டிஷ் 14-ஆவது படையை நடத்திய தளபதி ஸ்லிம் எழுதிவைத்த எண் இது: 1943-இல் காயத்துக்காக ஒருவரை வெளியேற்றினால், நோய்க்காக 120 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது.

இன்றைய மலேசியாவுக்கு வருவோம். 2013 லகாட் டத்து ஊடுருவலில் நம் பாதுகாப்புப் படையினர் 10 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் போலீஸ், 2 பேர் ராணுவம். 2024 ஏப்ரல் 23-இல் லுமுட்டில், கடற்படையின் ஆண்டுவிழா ஒத்திகையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி இறந்தவர்களும் 10 பேர். அவர்களில் ஒரு தமிழ் அதிகாரியும் இருந்தார். அம்மாவின் பயம் பொய்யில்லை. எதிரியின் குண்டை மட்டும் நினைத்துப் பயப்படுவதுதான் தவறு. பையன் எந்த எந்திரத்தோடு, எந்தப் பயிற்சியில், எவ்வளவு நாள் இருப்பான் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த வீட்டு அண்ணனின் அனுபவத்தைச் சுருக்கமாகவே பார்க்கலாம். 2004 பிப்ரவரியில் தொடங்கி, நடுவே ஒருமுறை நிறுத்தி, 2018-இல் கைவிடப்பட்ட தேசிய சேவைப் பயிற்சி 3 மாதம். அப்போது கணினி பெயர் எடுத்தது. போகாவிட்டால் 3,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். 2025 ஜனவரியில் திரும்பி வந்த பயிற்சி 45 நாள். தென்பக்கம் சிங்கப்பூரிலோ கட்டாய சேவை 24 மாதம். மலேசிய ராணுவம் இவற்றோடு சேராது. அங்கே கட்டாயமில்லை; விரும்பிக் கையெழுத்துப் போட்டவர் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டும். போர்ட்டிக்சனில் நடக்கும் அடிப்படைப் பயிற்சியே தேசிய சேவையைவிட நீளமானது.

“நம்ம ஆளுங்கள எங்கே எடுக்கிறாங்க?” என்ற பேச்சும் தோட்டத்தில் உண்டு. படையில் இந்தியரும் சீனரும் மிகக் குறைவு என்பதைப் பாதுகாப்பு அமைச்சே நாடாளுமன்றத்தில் ஒத்துக்கொள்கிறது. 1933-இல் 25 பேரோடு போர்ட்டிக்சனில் தொடங்கிய அரச மலாய் ரெஜிமென்டில் மலாய்க்காரர் மட்டுமே சேரலாம். இதைப் பார்த்துத்தான் முழு ராணுவமும் அப்படி என்று நம்மவர்கள் முடிவுகட்டுகிறார்கள். ரேஞ்சர் ரெஜிமென்ட் எல்லா இனத்துக்கும் உரியது. சிக்னல், பொறியியல், போக்குவரத்து, மருத்துவம், மின்-எந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவுகளிலும் எந்த இனத்தவரும் சேரலாம். கடந்த ஆண்டுகளின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் ஆண்களுக்குக் கேட்ட அளவு: உயரம் 1.62 மீட்டர், எடை குறைந்தது 47.5 கிலோ, மார்பு 76 சென்டிமீட்டர், மூச்சை இழுத்து விரித்தால் 81, உடல் நிறை எண் (BMI) 26.9-க்குள். 1.62 மீட்டர் உயரமுள்ள பையனுக்கு இந்தக் கடைசி எண்ணின் பொருள், எடை 70.6 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது. நிறக்குருடு இருக்கக்கூடாது, கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது. இவற்றில் எதிலும் இனம் இல்லை. எண்ணிக்கை குறைவாக இருப்பதில் அமைச்சுக்குப் பொறுப்புண்டு. விண்ணப்பமே போடாமல் இருப்பதில் நமக்கும் பங்குண்டு.

இனி அப்பா நம்பும் பென்ஷன். அதிகமான குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். சாதாரண நிலை வீரருக்கு ஓய்வூதியம் வர 21 ஆண்டு சேவை வேண்டும். 18 வயதில் சேர்ந்தால் 39 வயதில் கிடைக்கும். அதற்குமுன் வெளியேறினால் மாத ஓய்வூதியம் கிடையாது. 21 ஆண்டு நிறையாமல் வந்துவிட்ட முன்னாள் வீரர்களின் கோரிக்கை இந்நாட்டில் நெடுங்காலமாக ஒலிக்கிறது.

ஓய்வூதியத்தைத் தவிர சேமிப்பும் உண்டு. செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளிக்கு இபிஎஃப் இருப்பதுபோல் படைவீரருக்கு 1972-இல் தொடங்கிய ராணுவ நிதி வாரியம் இருக்கிறது. வீரர் சம்பளத்தில் 10 விழுக்காடு, அரசு 15 விழுக்காடு. இபிஎஃபில் தொழிலாளி 11, முதலாளி 13. இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தால், தோட்டத்தில் மாதம் 187-உம் 221-உம் சேர்ந்து 408. பட்டாளத்தில் 170-உம் 255-உம் சேர்ந்து 425. மாதத்துக்கு வித்தியாசம் 17 ரிங்கிட்.

சம்பள உயர்வும் ஈவுத்தொகையும் இல்லை என்று வைத்து இதை நீட்டுகிறேன். 10 ஆண்டில் வெளியே வருபவர் தன் பங்கு 20,400, அரசுப் பங்கு 30,600, ஆக 51,000 எடுத்துப் போகலாம். 21 ஆண்டு முடித்தவரின் சொந்தப் பங்கு 42,840. அரசுப் பங்கான 64,260 அவர் கைக்கு வராது. ஓய்வூதிய நிதிக்குப் போய்விடும், அதற்கு ஈடாக மாதாமாதம் ஓய்வூதியம் வரும். 28 வயதில் 51,000 ரிங்கிட்டோடு வீடு திரும்புகிறவர் ஒரு கார் வாங்கிவிட்டால் பணம் தீர்ந்தது. துப்பாக்கி சுடத் தெரிந்ததற்குக் காப்பாரிலோ கிள்ளானிலோ தொழிற்சாலை வேலை கிடைக்காது. டீசல் எஞ்சின் பிரித்துப் பூட்டத் தெரிந்திருந்தால் கிடைக்கும். எந்தப் பிரிவில் சேர்கிறோம் என்பது அதனால்தான் சம்பளத்தைவிடப் பெரிய விஷயம். படையை விட்டு வெளியேறுவோருக்குத் தொழில் பயிற்சி தரும் பெர்ஹெபாட், சுங்கை பூலோவில், நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் இடம் கேட்டு வாங்க வேண்டிய காலம், வெளியே வருவதற்கு முன்பு.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்குமுன் பையனோடு நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள்: முதல் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? புதிதாகச் சேருபவருக்கு ஓய்வூதிய விதி இப்போது என்ன? எந்தப் பிரிவு, அதில் வெளியே செல்லுபடியாகும் சான்றிதழ் உண்டா? பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வீட்டுக்கு வந்தால் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.